காஸ் அடுப்புக்கு எந்த ரப்பர் குழாய்?

ஸ்ரீவராகத்தில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விறகடுப்புப் புகை மறைந்து வெகுகாலமாகிறது. வீட்டுக்கு வீடு காஸ் அடுப்புதான். சிலிண்டரைக் கவனிக்கிறோம், பர்னரைத் துடைக்கிறோம். இரண்டையும் இணைக்கும் ரப்பர் குழாயை மட்டும் பலரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. "ரப்பர்தானே, எதுவானால் என்ன?" என்று கிடைத்ததை மாட்டுவோரும் உண்டு. இது ஆபத்து. காரணம், எல்லா ரப்பரும் ஒன்றல்ல.

ரப்பர் நம் பக்கத்துச் சரக்கு. கேரளத்தில் 1902-ல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வர்த்தக ரீதியில் பயிரிடத் தொடங்கினார்கள். நெடுமங்காட்டிலும், குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலும் வடிக்கும் ரப்பர் பாலில் இருப்பது, ஐசோபிரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் அது ஒரே பக்கமாக வளைவதால் சுருண்டு கிடக்கிறது, இழுத்தால் நீள்கிறது. மலாய் நாட்டுக் கட்டாபெர்ச்சா மரப்பாலிலும் இதே ஐசோபிரீன்தான். ஆனால் அதன் கண்ணிகள் எதிரெதிர்ப் பக்கமாக அமைந்தவை. அதனால் சங்கிலிகள் விறகுக்கட்டு போல் நெருங்கி அடுங்கிக் கெட்டியாகின்றன. பல் வேரை அடைக்க வைத்தியர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சரக்கு ஒன்று, வடிவம் வேறு, குணமும் வேறு!

வாயுக்களிடமும் இப்படித்தான். சாதாரண ரப்பர் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் வாயு வெட்டிவிடும். குழாய் மடங்கி இழுபடும் இடத்தில் முதலில் வெடிப்பு காண்பது இதனால்தான். சைக்கிள், லாரி ட்யூப்களுக்குப் பயன்படும் பியூட்டைல் ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. சங்கிலி நெடுகிலும் பக்கக் கிளைகள் நெருக்கியடித்து நிற்பதால் காற்று எளிதில் நுழைய முடியாது. ஆகவே அந்த ட்யூப்பில் காற்று அதிக நாள் நிற்கிறது.

சமையல் காஸ் புரொப்பேன், பியூட்டேன் கலந்தது. இவை இயற்கை ரப்பரோடு ஒத்துப்போகும் இனம். உள்ளே ஊறி அதை உப்ப வைத்துத் தளர்த்திவிடும். எனவே காஸ் குழாய்க்கு இவற்றை எளிதில் சேர்த்துக்கொள்ளாத நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர் தேவை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் இதற்கு உதவாது.

வாசகர்கள் செய்ய வேண்டியது சுலபம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள காஸ் குழாயையே வாங்குங்கள். அதில் அச்சிட்டுள்ள காலம் கடந்ததும், வெடிப்பு கண்டால் அதற்கு முன்பே, மாற்றிவிடுங்கள். கசிவு உண்டா என்று சோப்பு நுரை தடவிப் பாருங்கள்; தீக்குச்சி கொளுத்திப் பார்க்க வேண்டாம். காஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.