ஜிமெயில் கம்ப்யூட்டர்ல தெரியுது... ஆனா அது பேக்கப்பா?

கார்த்திகை தீபத்துக்கு திருவண்ணாமலை வீட்டுக்கு வர்றீங்களா? அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வேலையை முடிச்சிடுங்க: மெயில் பேக்கப்.

'தண்டர்பேர்டில் எல்லா மெயிலும் தெரியுதே, அது போதாதா?' போதாது. ஐமேப் முறையில், சர்வரில் ஒரு மெயில் அழிந்தால் கம்ப்யூட்டரிலும் அழிந்துவிடும்.

2011 பிப்ரவரியில் சாஃப்ட்வேர் கோளாறால் சுமார் 0.02% ஜிமெயில் பயனர்களின் இன்பாக்ஸ் காலியானது. பல டேட்டா சென்டர்களில் இருந்த நகல்களையும் அந்தக் கோளாறு விடவில்லை. கடைசியில் கைகொடுத்தது, நெட்வொர்க்கில் இணைக்காமல் வைத்திருந்த டேப் நகல்தான்.

நாம என்ன செய்யணும்?

1. கூகுள் டேக்அவுட்டில் மெயிலை மட்டும் தேர்வு செய்து, எம்பாக்ஸ் ஃபைலாக டவுன்லோட் பண்ணுங்க.

2. அதை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, கழற்றி வைங்க.

3. தண்டர்பேர்டில் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' ஆட்-ஆன் மூலம் அந்த ஃபைலை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குள் கொண்டுவாங்க. பத்து மெயிலையாவது அட்டாச்மென்ட்டோடு திறந்து பாருங்க. திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மெயில் தொலைந்துபோனால், இங்கிருந்து ஜிமெயில் ஃபோல்டருக்கு இழுத்துவிட்டால் போதும், திரும்ப ஆன்லைனுக்குப் போயிடும்.

அப்படியே அப்பா, அம்மா கணக்கிலும் ஒருமுறை லாகின் பண்ணிடுங்க. 2 வருஷம் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம்.