நூலுக்கு நிறம் தேடிய நங்கை

தொண்டியிலிருந்து வந்து தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் நினைவாகவே தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் அமைந்தது என்பர். அதற்குத் தெற்கே அமைந்த வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் தந்ததோ துணி. கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தோர் குடியிருந்த இடம் அது. வடக்கே திருவொற்றியூரை நோக்கிச் சென்றால் வரும் காலாடிப்பேட்டையும் துணியால் பிறந்ததே. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பார் நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. காலெட்பேட்டை மக்கள் நாவில் காலாடிப்பேட்டையாயிற்று.

அக்காலத்துச் சோழமண்டலக் கரைத் துணிக்கு உலகச் சந்தையில் மதிப்பு ஏன்? நெசவின் நேர்த்தி ஒரு காரணம். சாயம் மற்றொரு காரணம். கடற்கரை மணலில் விளையும் ஒரு சிறு பூண்டின் வேரைச் சாயவேர் என்றும் இம்பூரல் என்றும் நம்மவர் அழைத்தனர். பருத்தி நூல் எளிதில் நிறத்தை ஏற்காது. ஆதலால் முதலில் கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் துணியை ஊறவைத்து, படிகாரம் ஊட்டி, பின்னரே சாயவேரோடு கொதிக்க வைத்தனர். ஆற்று நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மீண்டும் மீண்டும் இதைச் செய்தனர். வெளுக்க வெளுக்க அச்சிவப்பு பொலிவு பெற்றதேயன்றி மங்கவில்லை.

இத்தொழிலை வீழ்த்தியது வாளன்று, சோதனைக் குழாய். 1856ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர், கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டார். 1868இல் செருமானிய வேதியியலார் இருவர், மஞ்சிட்டி இனத்து வேர்களுக்குச் சிவப்பூட்டும் பொருளையே ஆய்வுக் கூடத்தில் செய்து காட்டினர். 1897இல் செயற்கை அவுரி கடைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குள், வேர் தோண்டியவரும் அவுரி பயிரிட்டவரும் தங்கள் தொழிலை இழந்தனர்.

அந்த இங்கிலாந்திலேயே, கைவிடப்பட்ட வேரையும் இலையையும் தேடிப் புறப்பட்ட பெண்மணி ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ்க் குடும்பத்தோடு நெருங்கிய உறவும் இருந்தது. இருப்பினும் நம்மவரில் அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

எதல் மேரி பார்ட்ரிட்ஜ் 1872இல் இங்கிலாந்தின் மேற்கிலுள்ள டெவன் மாவட்டத்துப் பார்ன்ஸ்டபிள் நகரில் பிறந்தார். தந்தையார் மருந்துக் கடைக்காரர். எதல் பியானோ கற்பிக்கும் தகுதி பெற்று, இலண்டனிலும் பின்னர் செருமனியிலும் இல்லங்களில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையாக இருந்தார். நெசவைப் பற்றிய நினைவே அப்போது அவருக்கு இல்லை. முப்பதாம் வயதில், 1902இல், தம்மினும் ஐந்து வயது இளையவரான ஓர் அறிஞரை மணந்தார். அவரே பின்னாளில் இந்தியக் கலை வரலாற்றில் தனியிடம் பெற்ற ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழரான சர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கில மாதுக்கும் கொழும்பில் பிறந்த இவர், அந்நாளில் நிலவியல் அறிஞர். கலையைப் பற்றி இன்னும் ஒரு நூலும் எழுதியிருக்கவில்லை.

1903இல் இருவரும் இலங்கைக்கு வந்தனர். கனிமங்களை ஆராயும் அரசுத் துறைக்குக் கணவர் தலைவரானார். பாறைகளைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது, பாறைகளைவிடக் கைவினைஞரே இருவர் கண்ணையும் கவர்ந்தனர். தச்சர், கொல்லர், பாய் முடைவோர், தறியில் அமர்ந்தோர் அனைவரும் தங்கள் தொழில் தங்கள் கண் முன்னரே தேய்வதைக் கண்டு கொண்டிருந்தனர். இறக்குமதித் துணி மலிந்துவிட்ட காலம் அது. எதல் புகைப்படக் கருவியைத் தூக்கிக் கொண்டார். கணவர் வினவி எழுதிக் கொள்ள, மனைவியார் படம் எடுத்தார், நாட்குறிப்பு எழுதினார், பழைய பூத்தையல் துணிகளைத் திரட்டித் தையலின் வகைகளை ஆராய்ந்தார்.

இவ்வுழைப்பின் பயனே 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூல். 1907இல் இங்கிலாந்து திரும்பிய இருவரும் பிராட் கேம்டன் என்ற சிற்றூரில், பாழடைந்த பழைய சிற்றாலயம் ஒன்றைப் புதுப்பித்த இல்லத்தில் குடியேறினர். வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சுப் பொறியையே அங்குக் கொணர்ந்து, பதினைந்து மாதங்கள் உழைத்து, 425 படிகள் மட்டும் கையால் அச்சிட்டனர். 1908இல் நூல் வெளிவந்தது. அட்டையில் ஒரு பெயரே இருந்தது, கணவர் பெயர். உள்ளே இருந்த படங்களுள் பெரும்பாலானவை மனைவியாருடையவை. நம் வீடுகளிலும் இது புதிதன்று. கணக்கு எழுதுபவள் ஒருத்தி, கடைப் பலகையில் பெயர் மற்றொருவருடையது.

அம்மணவாழ்வு நீடிக்கவில்லை. 1910ஐ ஒட்டி இருவரும் பிரிந்தனர். எவர் மீது பிழை என்று ஆராய்வது நம் வேலையன்று. நாற்பதை எட்டும் வயதில், கைத்தொழில் எதுவும் முறையாகக் கல்லாத ஒரு பெண், தனித்து நின்றார் என்பதே நாம் கருதத்தக்கது. அவர் பிறந்த டெவனுக்குச் சென்று, பழைய தறிகளைப் பார்த்து நூற்கவும் நெய்யவும் கற்கத் தொடங்கினார். கடற்கரையோரம் கட்டிய சிறு வீட்டில் சாயத் தொட்டிக்கென ஓர் அறை ஒதுக்கினார். 1913இல் பிலிப் மேரெட் என்ற ஓவியரை மறுமணம் செய்துகொண்டார். எதல் மேரெட் என்றே வரலாறு அவரை அறியும்.

இலங்கையில் கண்ட துணிகளின் நிறம் அவர் கண்ணை விட்டு அகலவில்லை போலும். ஆலைச் சாயங்களின் பளபளப்பு அவருக்கு ஒவ்வவில்லை. ஆனால் இயற்கைச் சாயமிடும் முறையை எவரிடம் கேட்பது? இங்கிலாந்தில் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் அந்த அறிவு பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தது. பழைய ஏடுகளையும் கிழவிகளின் நினைவையும் தம் அடுப்பையும் துணையாகக் கொண்டு, 1916இல் 'தாவரச் சாயங்கள்' பற்றிய கையேட்டை வெளியிட்டார். அது கவிதையன்று, சமையற் குறிப்பைப் போன்றது. ஒரு ராத்தல் கம்பளிக்குக் கால் ராத்தல் படிகாரம், இவ்வளவு நேரம் கொதி, இப்படிப் பிழி, இரும்பு சேர்த்தால் நிறம் கறுக்கும், வெள்ளீயம் சேர்த்தால் ஒளிரும். பாறையில் படரும் பாசியிலிருந்து பழுப்பு நிறம், மஞ்சிட்டியிலிருந்து சிவப்பு, அவுரியிலிருந்து நீலம் என்று அடுப்படியில் நிற்பவள் கைக்குப் பயன்படும் வகையில் எழுதப்பட்டது. ஆகையால்தான் அந்நூல் பலமுறை மறுபதிப்புக் கண்டது.

அதை வெளியிட்டவர் டக்ளஸ் பெப்ளர் என்ற அச்சகத்தார். அக்காலத்தில் கத்தோலிக்க மறையைத் தழுவி ஹிலரி எனப் பெயர் பூண்டவர் இவர். தென் இங்கிலாந்தின் டிட்ச்லிங் என்னும் சிற்றூரில் புனித சாமிநாதர் அச்சகத்தை நடத்தி வந்தார். அவ்வூரிலேயே கைவினைஞர் சிலர் கூடி, புனித சூசையப்பர், புனித சாமிநாதர் பெயரால் ஒரு தொழிற்குழுவை அமைத்தனர். கைத்தொழிலும் செபமும் ஒருங்கே அமைந்த வாழ்வை நாடினர். எதல் மேரெட் அக்குழுவைச் சேர்ந்தவர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். எனினும் அவரும் டிட்ச்லிங்கிலேயே குடியேறி, 1920ஐ ஒட்டித் தம் இல்லத்தையும் நெசவுக் கூடத்தையும் எழுப்பினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'காஸ்பல்ஸ்', அதாவது 'நற்செய்திகள்'.

அங்கிருந்து தேசம் விட்டுத் தேசம் சென்று, யூகோசுலாவியக் கிராமங்களிலும் பின்லாந்து முதலிய வட நாடுகளிலும் தறிகளைக் கண்டு திரும்பினார். கற்க வந்த பெண்களோ பலர். கண்டிப்பானவர் என்றே அனைவரும் நினைவுகூர்கின்றனர். பழைய பூவேலையை அப்படியே நகலெடுப்பதை அவர் விரும்பவில்லை. நூலே துணியின் வடிவை முடிவு செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. எந்த நூல் முறுக்கேறியது, எது தளர்ந்தது, எது ஒளியை வாங்கும், எது விழுங்கும் என்று அறிந்தபின் எளிய நெசவே போதும். சிக்கலான பின்னல் தேவையில்லை. அவர் நெய்த துணிகளில் பகட்டு இல்லை. கோடும் கட்டமும், நிறத்தோடு நிறம் ஒட்டும் நுட்பமுமே உண்டு. நம் சென்னைக் கட்டத் துணியை நெய்தவர்க்கு இது விளங்காமற் போகாது.

இனி நாம் சிறிது நின்று கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இயந்திரத்தைச் சபித்துவிட்டுக் கைத்தறியோடு ஒதுங்கிக் கொண்டவர் என்று இவரைக் கருதுவது தவறு. தொடக்கத்தில் அவரிடம் அந்த மனப்பாங்கு இருந்திருக்கலாம், முதுமையில் இல்லை. 1939இல் வெளியிட்ட 'இன்றைய கைத்தறி நெசவு' என்ற நூலில், கைத்தறியும் ஆலையும் ஒன்றையொன்று வெறுப்பதில் பயனில்லை என்று வாதிட்டார். கைத்தறி ஆலைக்கு ஆய்வுக்கூடமாக இருக்கவேண்டும். புதிய நூலையும் புதிய நிறத்தையும் கை முதலில் சோதிக்கட்டும். நல்லதை ஆலை பெருக்கட்டும். 1930களின் இறுதியில், தொழில்துறைக்கான அரச வடிவமைப்பாளர் என்ற பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதற் பெண் அவரே.

அவர் சொன்னதைச் செய்து காட்டியவர் மரியானா ஸ்ட்ராப் என்ற சுவிட்சர்லாந்து மாணவி. காஸ்பல்ஸில் பயின்ற பின் 1934 முதல் வேல்ஸ் நாட்டுச் சிறு கம்பளி ஆலைகளுக்கு இவர் புது வடிவங்கள் வகுத்துக் கொடுத்தார். வேலையின்றி மூடும் நிலையிலிருந்த ஆலைகள் சில அதனால் மூச்சுவிட்டன. பின்னாளில் இலண்டன் பேருந்துகளிலும் இரயில்களிலும் இருக்கைத் துணி ஒன்று இவர் வகுத்ததாயிற்று. வேலைக்குச் செல்லும் எளிய மக்கள் நாள்தோறும் அத்துணி மீது அமர்ந்து சென்றனர்.

நம் நாட்டிலும் இத்தகைய எண்ணம் எழாமலில்லை. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக 1884இல் வந்த ஹாவெல் என்ற ஆங்கிலேயர், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியை நெசவாளரிடையே பரப்பவேண்டும் என்று பின்னர் வாதாடினார். 1910இல் இலண்டனில் இந்தியக் கலைக்கென ஒரு கழகம் நிறுவியபோது ஆனந்த குமாரசுவாமியோடு இணைந்து நின்றவரும் இவரே. விடுதலைக்குப் பின், 1950களில், நடுவண் அரசு நெசவாளர் சேவை மையங்களை ஏற்படுத்தியது. சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு போன்ற ஓவியர்கள் பணியாற்றினர். ஓவியனையும் நெசவாளியையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்திய ஏற்பாடு அது. ஆனால் வேல்ஸ் ஆலைக்காரனுக்குக் கிடைத்த நேரடி ஆதாயம் நம் தறிக்காரனுக்கு எந்த அளவு கிட்டிற்று என்பதைக் கூலிச் சீட்டைப் பார்த்தே சொல்லவேண்டும். பெரம்பூரில் 1870களில் தொடங்கிய பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோது, கையைப் போலவே இயந்திரமும் வேலையிழக்கக் கூடும் என்பதை வடசென்னைக் குடும்பங்கள் நேரில் கண்டன.

மேரெட் அம்மையாரைப் பற்றி ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். அவர் நெய்த துணி செலவு மிக்கது. வாங்கியோர் வசதி படைத்தோர். இலங்கைத் தறிகளில் கற்ற பாடம் அவருக்குப் புகழ் தந்தது. அவர் படமெடுத்த கைவினைஞருள் பெரும்பாலோர் பெயரின்றியே நிற்கின்றனர். அட்டையில் தம் பெயர் இல்லாத வருத்தத்தை அறிந்திருக்கக் கூடியவர் அவர். ஆதலால் இது சற்றே உறுத்துகிறது.

1952இல், எண்பது வயதில் அவர் மறைந்தார். இறுதிவரை தறியை விட்டு அகலவில்லை. பீட்டர் காலிங்வுட் என்ற இளைஞர், மருத்துவத் தொழிலை விட்டு நெசவுக்கு வந்து, முதலில் பயின்றது இந்த மூதாட்டியிடமே. பின்னர் உலகம் போற்றும் கம்பள நெசவாளர் ஆனார்.

அவர் மாணவர்களுள் நம் வாசகர் அறியவேண்டியவர் இன்னும் ஒருவர் உண்டு. வாலன்டைன் கில்பிரைட் 1920களில் மேரெட் அம்மையாரிடம் சாயமும் நெசவும் கற்று, பின்னர் மேற்சொன்ன சூசையப்பர், சாமிநாதர் தொழிற்குழுவில் சேர்ந்தார். பட்டு நூலைக் கையால் சாயமிட்டு, குருக்கள் திருப்பலிக்கு அணியும் திருவுடைகளை நெய்வதே அவர் தொழில். வழிபாட்டுக் காலங்களுக்குரிய வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா ஆகிய நிறங்கள், ஒரு பெண்ணின் தொட்டியருகே கற்ற கைகளால் கோயில்களுக்குச் சென்றன. அக்குழுவோ ஐம்பதாண்டுக் காலம் ஆண்களை மட்டுமே உறுப்பினராக ஏற்றது. 1970களில்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அவர் கில்பிரைட்டின் மகள். தந்தையிடம் அதே நெசவைக் கற்றவர். 1989இல் குழு கலையும் வரை அவர் தறி ஓடிக்கொண்டிருந்தது.