படிக்கட்டில் ஒளிந்திருக்கும் திருத்தணி

திருத்தணிக்கு வருகிற பலர் மலைப்பாதையில் காரை ஏற்றி, வரிசையில் நின்று, முருகனைக் கும்பிட்டுவிட்டு அதே வேகத்தில் இறங்கிவிடுகிறார்கள். பாதிக் கோயிலைப் பார்க்காமலே போகிறீர்களே என்று கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது எனக்கு!

அந்தப் பாதி, அடிவாரத்திலிருந்து ஏறும் படிக்கட்டில் இருக்கிறது. 365 படிகள், வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 அன்று வாருங்கள், படித்திருவிழா! பெண்கள் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி நகர்கிறார்கள். ஒரு குழு வைத்த மஞ்சள் காய்வதற்குள் அடுத்த குழு அதன்மேல் மஞ்சளைப் பூசிவிடுகிறது. பஜனைக் கோஷ்டிகள் ஜால்ராவும் மிருதங்கமுமாகப் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகின்றன. அவசரமே கிடையாது, பாட்டு முடிந்தால்தான் அடுத்த படி. நள்ளிரவில் புத்தாண்டு பிறக்கும்போது மலை முழுக்க அரோகரா!

இதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்து, பிறகு திருப்புகழில் கரைந்துபோனவர். ஆங்கிலப் புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைகளைப் போய்ப் பார்த்து வாழ்த்துச் சொல்வது அன்றைய வழக்கம். துரைக்கெல்லாம் துரை தணிகையில் இருக்கிறாரே, அவரைப் பார்ப்போம் என்று ஜனங்களை இங்கே திருப்பிவிட்டார். என்ன அழகான யோசனை!

கூட்டத்தில் தெலுங்கும் சரளமாகக் காதில் விழும். 1960 ஏப்ரல் 1-இல்தான் ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன். எல்லைக் கோடு மாறினாலும் முருகன் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம்.

மேலே போனதும் சந்நிதிக்கு எதிரே நிற்கும் யானையைக் கட்டாயம் பாருங்கள். சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கிறது! மகள் தெய்வானைக்குச் சீராகத் தன் யானை ஐராவதத்தை இந்திரன் கொடுத்தபின் தேவலோகத்தின் செல்வம் குறைந்ததாம். அதன் பார்வையாவது தன் உலகத்தின்மேல் படட்டும் என்று இந்திரன் வேண்டிக்கொண்டதாகக் கதை. இந்திரன் கொடுத்ததாகச் சொல்லும் கல்லில் அரைத்த சந்தனமும் இங்கே விசேஷம். கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, முருகன் சினம் தணிந்த இடமாயிற்றே. அதற்குப் பதில் கூடை கூடையாகப் பூச்சொரிந்து புஷ்பாஞ்சலி!

சென்னையிலிருந்து மின்சார ரயிலே திருத்தணி வரை வருகிறது. கையில் ஒரு பாக்கெட் கற்பூரத்தோடு ஏறிவிடுங்கள்.