நொறுக்குத் தீனிக்காக ஒரு வழக்கு!

ஒரு மாணவி. அவர் கையில் ஒரு பை. பைக்குள் கொஞ்சம் தின்பண்டம்.

அந்தத் தின்பண்டத்தின் விலை 46 யுவான் சொச்சம். யுவான் என்பது சீன நாட்டுப் பணம். அப்போது ஒரு யுவான் நம் கணக்கில் ஏறத்தாழ 10 ரூபாய். ஆக, பண்டத்தின் மொத்த விலை சுமார் 460 ரூபாய்!

இந்த 460 ரூபாய்ப் பண்டம் கோர்ட்டு வரை போனது. நாடு முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. கடைசியில், உலகப் புகழ் பெற்ற ஒரு கம்பெனி தன் கட்டளையையே மாற்றிக்கொண்டது!

எப்படி நடந்தது இது?

வாசலில் சோதனை

சீனாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று ஷாங்காய். அங்கே 2016-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி "டிஸ்னிலேண்டு" என்ற கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது.

கேளிக்கைப் பூங்கா என்றால் சும்மா புல்தரையும் ஊஞ்சலும் அல்ல. ராட்டினம் உண்டு. படகு உண்டு. மலை ஏறி இறங்கும் வேக வண்டி உண்டு. கதைகளில் வரும் ராஜகுமாரியின் கோட்டை உண்டு. மிக்கி எலி நேரில் வந்து குழந்தைகளுக்குக் கை கொடுக்கும்!

காலையில் உள்ளே போனவர்கள், இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அவ்வளவு நேரம் வயிறு சும்மா இருக்குமா? மூன்று வேளை பசிக்கும். குழந்தை என்றால் ஐந்து வேளை பசிக்கும்!

முதலில் இந்தப் பூங்காவுக்குள் சாப்பாடு கொண்டு போக முடிந்தது. 2017-ம் ஆண்டு நவம்பர் மாதம் புதிய கட்டளை வந்தது. "வெளியில் இருந்து உணவு எதுவும் கொண்டு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் போன்ற பானங்கள் மட்டும் 600 மில்லி லிட்டர் வரை கொண்டு போகலாம்.

சாப்பிட வேண்டுமா? உள்ளே இருக்கும் கடைகளில்தான் வாங்க வேண்டும். உள்ளே விலை எப்படி இருக்கும்? அதைச் சொல்லவும் வேண்டுமா!

மாணவி போட்ட வழக்கு

2019-ம் ஆண்டு ஜனவரி மாதம், சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் இந்தப் பூங்காவுக்குப் போனார். வாசலில் ஊழியர்கள் அவருடைய பையைச் சோதித்தார்கள். தின்பண்டம் இருந்தது. அதை உள்ளே கொண்டு போகக்கூடாது என்று தடுத்தார்கள்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? இரண்டு வார்த்தை முணுமுணுத்திருப்போம். பண்டத்தை அங்கேயே தின்று தீர்த்திருப்போம். அல்லது குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே ஓடியிருப்போம். 460 ரூபாய்க்காக யார் கோர்ட்டுப் படி ஏறுவார்கள்?

அந்த மாணவி ஏறினார்!

மார்ச் மாதம் ஷாங்காய் நகரின் புடோங் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். அவர் கேட்டவை இரண்டே இரண்டு. ஒன்று, உணவு கொண்டு வரக்கூடாது என்ற கட்டளை செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டு, பண்டத்தின் விலையான 46 யுவான் சொச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

பொருள் வாங்குவோரைக் காக்க சீனாவில் ஒரு சட்டம் இருக்கிறது. 1994-ம் ஆண்டு முதல் அது அமுலில் உள்ளது. "எந்தப் பொருளை, யாரிடம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு" என்பது அதன் கருத்து. கடைக்காரர் தாமாகவே அச்சடித்து வைக்கும் நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்றும் அந்தச் சட்டம் கூறுகிறது.

பூங்காவுக்குச் சீட்டு வாங்கினேன். ராட்டினம் ஏறப் பணம் கொடுத்தேன். சாப்பாட்டையும் உங்களிடமே வாங்க வேண்டும் என்பது என்ன நியாயம்? இதுதான் வழக்கின் சாரம்.

ஒரே பெயர், இரண்டு சட்டம்!

இந்த வழக்குச் செய்தி ஆகஸ்டு மாதம் ஊரெல்லாம் பரவியது. அப்போது மக்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. அதைக் கேட்டதும் கோபம் இரண்டு மடங்கு ஆயிற்று!

அமெரிக்காவில் இருக்கும் டிஸ்னி பூங்காக்களுக்குச் சாப்பாடு கொண்டு போகலாம். பாரிஸ் நகருக்கு அருகே உள்ள பூங்காவுக்கும் கொண்டு போகலாம். ஆனால் டோக்கியோ, ஹாங்காங், ஷாங்காய் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் கூடாது!

வெள்ளைக்காரர் பைக்கு ஒரு சட்டம், ஆசியாக்காரர் பைக்கு ஒரு சட்டமா? மக்கள் கேட்டார்கள். பத்திரிகைகளும் கேட்டன.

கம்பெனி என்ன பதில் சொன்னது? "சீனாவில் உள்ள மற்றப் பூங்காக்களிலும் இதே வழக்கம்தான். ஆசியாவில் உள்ள எங்கள் பூங்காக்களிலும் இதே வழக்கம்தான்" என்ற கருத்தில் பதில் சொன்னது.

பூங்காக்காரர் பக்கம்

பூங்கா நடத்துகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதையும் கேட்க வேண்டும்.

ஆயிரக்கணக்கான பேர் வந்து போகும் இடம். ஆளுக்கு ஒரு பொட்டலம் பிரித்தால் எத்தனை குப்பை சேரும்? யார் கூட்டுவது? எலியும் எறும்பும் வராதா? (மிக்கி எலி ஒன்று போதாதா!) வெயிலில் கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்று ஒருவர் மயங்கி விழுந்தால் பழி யார் மேல் விழும்?

இவை எல்லாம் உண்மைதான். ஆனால் உள்ளே விற்கும் பண்டத்தையும் காகிதத்தில்தானே சுற்றித் தருகிறார்கள்? அந்தக் காகிதமும் குப்பைதானே? குப்பைதான் காரணம் என்றால், உள்ளே விற்பதும் நின்றிருக்க வேண்டும். உணவு விற்பனை பூங்காவுக்கு ஒரு நல்ல வருமானம் என்பதே வெளியில் சொல்லாத காரணம்.

50 யுவானும் ஒரு வெற்றியும்

செப்டம்பர் மாதம் பூங்கா இறங்கி வந்தது!

"இனி நீங்கள் சாப்பிடுவதற்கு உணவு கொண்டு வரலாம்" என்று அறிவித்தது. சில உணவுகளை மட்டும் விலக்கியது. சுட வைத்துச் சாப்பிட வேண்டியவை கூடாது. குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியவை கூடாது. மூக்கைத் துளைக்கும் வாடை அடிப்பவையும் கூடாது.

பையைச் சோதிக்கும் முறையும் மாறியது. வருகிறவர்களே தங்கள் பையைத் திறந்து காட்டலாம் என்று ஆயிற்று.

வழக்குச் சமரசத்தில் முடிந்தது. மாணவிக்குப் பூங்கா 50 யுவான் கொடுத்தது. பண்டத்தின் விலையை விட 4 யுவான்கூட அதிகம் இல்லை!

சமரசம் ஆகிவிட்டதால், "அந்தக் கட்டளை சட்டப்படி செல்லாது" என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வாசலைக் கடந்த தாய்மார்கள் தங்கள் குழந்தைக்கான பண்டத்தைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டியதில்லை. அது போதாதா?

முதல் நாளே தொடங்கிய தகராறு

டிஸ்னி பூங்காவுக்கும் வயிற்றுக்கும் உள்ள தகராறு ஷாங்காயில் தொடங்கியது அல்ல. முதல் பூங்காவின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் என்ற ஊரில், 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி முதல் டிஸ்னிலேண்டு திறக்கப்பட்டது. அன்று நல்ல வெயில். அழைத்தவர்களை விட அதிகமாகக் கூட்டம் வந்தது. கள்ளச் சீட்டு வைத்துக்கொண்டும் பலர் நுழைந்துவிட்டார்கள்!

கடைகளில் சாப்பாடு தீர்ந்துபோனது. குடிக்கத் தண்ணீரும் சரியாகக் கிடைக்கவில்லை.

காரணம், குழாய் வேலை செய்யும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். கழிப்பறைக்குக் குழாய் போடுவதா, குடிநீருக்குக் குழாய் போடுவதா? இரண்டும் செய்ய நேரம் இல்லை. கழிப்பறைதான் முக்கியம் என்று முடிவு செய்தார்கள்.

தாகத்தில் தவித்தவர்களுக்கு இது தெரியுமா? "குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்" என்று பழி சொன்னார்கள்!

பாரிஸ் பூங்கா 1992-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி திறக்கப்பட்டது. பூங்காவுக்குள் மது கூடாது என்றார்கள். சாப்பாட்டோடு திராட்சை மது அருந்துவது பிரெஞ்சுக்காரர்களின் பழக்கம். அவர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே, 1993-ல், அந்தத் தடை தளர்ந்தது.

டோக்கியோ பூங்கா 1983-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி திறக்கப்பட்டது. அதை நடத்துவது ஒரு ஜப்பானியக் கம்பெனி. அங்கே வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட மேசையும் நாற்காலியும் போட்ட இடம் ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டில் கட்டிவந்த டப்பாவை அங்கே பிரித்து, சாப்பிட்டுவிட்டு, மறுபடி உள்ளே போகலாம். இது நடுவழி!

நம் நாட்டில்?

நம் நாட்டில் இதே கேள்வி சினிமா கொட்டகையில் எழுந்தது.

கொட்டகைக்குள் வெளி உணவைத் தடுக்கக்கூடாது என்று 2018-ம் ஆண்டு ஜம்மு-காஷ்மீர் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கொட்டகைக்காரர்கள் அப்பீல் செய்தார்கள். 2023-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. கொட்டகை தனியார் சொத்து. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்றது.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சுப்ரீம் கோர்ட்டு மறக்கவில்லை. நல்ல குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள், குழந்தைக்கு வேண்டிய உணவை அளவோடு கொண்டு வரலாம்.

சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். கேளிக்கைப் பூங்காவில் ஒரு பகல் முழுவதும் போகிறது. நாலு பேர் உள்ள குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சீட்டு வாங்கிவிட்டு உள்ளே போகிறது. மூன்று வேளையும் உள்ளேயே வாங்கித் தின்ன வேண்டும் என்றால், பையில் என்ன மிஞ்சும்? "அப்பா, ஐஸ்கிரீம்!" என்று குழந்தை கேட்கும்போது, அப்பா வேறு பக்கம் பார்க்க வேண்டியதுதான்!

அந்த மாணவி கேட்ட கேள்வி 46 யுவானைப் பற்றியது மட்டும் அல்ல. இந்த அப்பாக்களைப் பற்றியதும்தான்.

போகும் முன் கவனியுங்கள்

பூங்காவுக்குப் புறப்படுகிறீர்களா? அங்கே உணவு கொண்டு போகலாமா என்று முதலில் விசாரியுங்கள். சீட்டில் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள்.

கைக்குழந்தைக்குப் பால், சர்க்கரை நோயாளிக்கு உணவு, மருந்து இவற்றை மறக்காதீர்கள். தடுத்தால், காரணத்தைச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். ஊழியரிடம் சண்டை வேண்டாம். கட்டளை போட்டவர் அவர் அல்ல!

கண்ணாடிப் பாத்திரம், மது, தனி ஐஸ் கட்டி இவற்றை அமெரிக்க டிஸ்னி பூங்காக்களிலும் விடுவதில்லை. சுட வைக்கத் தேவை இல்லாத, கெடாத, கை ஒட்டாத உணவே நல்லது.

முக்கியமான விஷயம் ஒன்று. சாப்பிட்ட காகிதத்தை அங்கே எறியாதீர்கள். நாம் எறியும் ஒவ்வொரு காகிதமும், "பார்த்தீர்களா? இதற்குத்தான் தடுத்தோம்!" என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்கும்.

ஒரு கடலைக் கதை

டிஸ்னிலேண்டு என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது தெரியுமா?

மிக்கி எலி படங்களை எடுத்த வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண் குழந்தைகள். விடுமுறை நாளில் அவர்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கிரிபித் பூங்காவுக்கு அழைத்துப் போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா என்ன செய்வார்? பெஞ்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார்!

"குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும்?" என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியதாம். இதை அவரே பின்னாளில் சொன்னார்.

அன்று அந்தப் பூங்காவின் வாசலில் நின்று, "கடலையை வெளியே போட்டுவிட்டு வாருங்கள்" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை!