வெடிக்க வைப்பது வாயு

செவ்வாயில் கூசெவ் பள்ளத்தில் ஊர்ந்த ஸ்பிரிட் ஊர்தி, 'ஹோம் பிளேட்' என்னும் தட்டையான மேட்டருகே ஒரு பாறையைப் படமெடுத்தது. மெல்லிய படலங்களாகப் படிந்த பாறை. அதில் சுமார் 4 சென்டிமீட்டர் கல் ஒன்று. அதன் அடியில் மட்டும் படலங்கள் குழிந்து வளைந்திருந்தன. இறுகாத சாம்பலில் மேலிருந்து விழுந்த கல் என்று 2007-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதாவது, அருகில் எங்கோ எரிமலை வெடித்திருக்கிறது. பாறைக்குழம்பு தண்ணீரைத் தொட்டதால் வெடித்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

எல்லா எரிமலையும் வெடிப்பதில்லை. ஹவாய் மலைகள் பெரும்பாலும் குழம்பை வழியவிடுபவை. ஆழத்தில் அழுத்தத்துக்குக் கட்டுப்பட்டுக் குழம்பில் கரைந்திருக்கும் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயுக்கள் மேலேற ஏறக் குமிழிகளாகப் பிரியும். கோலி சோடாவில் கோலியை அழுத்தியதும் நடப்பதுதான். குமிழிகள் பெருத்துக் குழம்பையே துணுக்குகளாகச் சிதறடித்தால், அதுதான் சாம்பல். ஆகவே உள்ளே எவ்வளவு வாயு என்பது மட்டுமல்ல, மேலே எவ்வளவு காற்று அழுத்துகிறது என்பதும் கணக்கு.

வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் நம்முடையதைப்போல் சுமார் 90 மடங்கு. கடலுக்குள் 900 மீட்டர் ஆழத்துக்குச் சமம். குமிழி விரியவே திணறும். அங்கே எரிமலைகள் ஏராளம், ஆனால் தெரிவதெல்லாம் பெரும்பாலும் குழம்பு வழிந்த தடங்கள். செவ்வாயில் நேர்மாறு. இன்றைய அழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை; சிறிது வாயுவே வெடிக்கப் போதும். (அங்கேயும் 22 கிலோமீட்டர் உயர ஒலிம்பஸ் மோன்ஸ் நிதானமாக வழிந்தே வளர்ந்தது.)

எனக்கு வியப்பளிப்பது புதன். காற்று என்று சொல்லத்தக்கது அங்கில்லை. சூரியனுக்கருகில் வெந்து கிடப்பதால், ஆவியாகக்கூடியதெல்லாம் என்றோ போயிருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2011 முதல் 2015 வரை அதைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம் காட்டியது வேறு: ஒழுங்கற்ற பள்ளங்கள், அவற்றைச் சுற்றி மங்கிய ஓரங்களோடு வெளிறிய சாம்பல் படிவுகள். ராக்மானினாஃப் பள்ளத்துக்கு வடகிழக்கே உள்ள படிவின் குறுக்களவு சுமார் 280 கிலோமீட்டர். தடுக்கக் காற்று இல்லாததால், துகள் போய் விழுந்த தூரத்தை வைத்தே அது கிளம்பிய வேகத்தையும், அதற்கு வேண்டிய வாயுவையும் கணக்கிடலாம். கணக்கில் வந்தது கொஞ்சநஞ்ச வாயு அல்ல. புதனின் தரையில் கந்தகம் மிகுதி; ஆனால் இந்தப் படிவில் மட்டும் சுற்றுப்புறத்தைவிடக் குறைவு. குழம்பைச் சிதறடித்துவிட்டுப் பறந்துபோனதில் கந்தக வாயுவுக்கும் பங்கு உண்டு என்று கருத அதுவே ஆதாரம்.