பீரோவும் பிராட்பேண்டும்!

மாதம் 699 ரூபாய், 100 எம்.பி.பி.எஸ். வேகம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் 824 ரூபாய் 82 காசு. பி.காம். படித்தவனாச்சே! எல்லாக் கோணத்திலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுப்படியாகும் போலத்தான் இருந்தது. கணக்கில் வராமல் போன ஒரே அயிட்டம், எங்கப்பாவின் இரும்பு பீரோ.

தோளில் கறுப்பு ஒயர் சுருளோடு டெக்னீஷியன் தம்பி வந்தார். அவருக்குப் பின்னாலேயே வீட்டுக்காரரும் வந்தார். "சுவத்துல ஓட்டையா? பெயின்ட் அடிச்சு ஆறு மாசம்கூட ஆகலே!" கடைசியில் ஜன்னல் சட்டத்தின் ஓரமாக ஒரு சின்ன ஓட்டைக்குச் சமாதானம் ஆனது. ஒயர் அதன் வழியாக நுழைந்து, பக்கத்தில் நின்ற பீரோவை உரசிக்கொண்டு சுவரோரமாக இறங்கியது.

தம்பி ஒயரின் தோலை உரித்தார். உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கண்ணாடி இழை. மொத்த கனமே கால் மில்லிமீட்டரில் பாதி! அதன் நடுவில் வெறும் 9 மைக்ரான் பாதையில்தான் வெளிச்சம் ஓடி வருகிறதாம். இரண்டு முனைகளை ஒரு குட்டி மெஷினுக்குள் நேருக்கு நேர் நிறுத்தி, மின்பொறியால் உருக்கி ஒட்டினார். போகும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னார்.

"சார், இது கண்ணாடி. வளைக்கலாம், மடக்கக் கூடாது."

கண்ணாடியைச் சுத்தமாகத் தயாரித்தால் வெளிச்சத்தை வெகுதூரம் அனுப்பலாம் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவோ. அதற்காக 2009-ல் நோபல் பரிசு வாங்கினார். 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. மகா மேதைகள்தான். ஆனால் இரண்டு பேருமே எங்கப்பாவைச் சந்தித்ததில்லை.

"என்னடா இது, ஹால்ல பெட்டி மினுக்மினுக்குன்னு? வர்றவன் போறவன் கண்ணெல்லாம் படும்" என்று, தம்பி தெருமுனை தாண்டுவதற்குள் பெட்டியை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்.

முதல் சண்டை நான் போட்டது. சினிமா ஒன்றை டவுன்லோட் பண்ணினால் வினாடிக்கு 12 எம்.பி.தான் காட்டியது. 'நூறுக்குக் காசு வாங்கிக்கொண்டு பன்னிரண்டா!' என்று ஆபீஸில் குதித்தேன். பக்கத்து சீட் நண்பர் ஃபைலிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "யோவ், கம்பெனிக்காரன் சொல்றது மெகாபிட். டவுன்லோட் காட்டறது மெகாபைட். எட்டால வகு."

பன்னிரண்டரை. பி.காம்.காரன் தலைகுனிந்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

2004-ல் சர்க்கார் வகுத்த கொள்கைப்படி வினாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்குப் பேர் பிராட்பேண்ட். 2023-ல்தான் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். அப்படிப் பார்த்தால் நாங்கள் ராஜபோகத்தில் இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை வரை.

என் தங்கை எம்.சி.ஏ. முடித்து ஒன்றரை வருஷமாக வேலை தேடுகிறாள். அன்று காலை 11 மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. ஏழாவது நிமிஷம், அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு. திரும்ப பச்சை வருவதற்குள் எதிர்முனைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவள் அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நிலைமையை விளக்கி மெயில் எழுதினாள். வியாழக்கிழமை 11 மணிக்கு இன்னொரு வாய்ப்பு என்று பதில் வந்தது. எனக்கு முழுசாக இரண்டு நாள்கூட இல்லை.

கஸ்டமர் கேரில், "பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினீங்களா சார்?" என்றார்கள். பண்ணினேன். அப்புறம் நானே களத்தில் இறங்கினேன்.

முதல் வேலை, வைஃபையை ஓரம்கட்டிவிட்டு லேப்டாப்பை ஒயரால் நேராகப் பெட்டியில் செருகியது. வேகம் 94. லைனில் கோளாறில்லை. பாக்கி 6 எங்கே என்கிறீர்களா? பார்சல் கட்டும் காகிதச் செலவு மாதிரி, தகவலைப் பொட்டலம் கட்டுவதற்கே கொஞ்சம் போய்விடும். (உங்களுடையது 200, 300 பிளானா? அப்படியும் 94-ஐத் தாண்டவில்லையென்றால், பெட்டியின் துவாரமே 100-க்கானதா, ஒயரில் எட்டுக்குப் பதில் நான்கு கம்பிதான் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.)

அடுத்து, தங்கையின் அறையில் போனில் பார்த்தேன். வெறும் 9! வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பைத் துளைத்துக்கொண்டு வர அதனால் ஆகாது. பீரோவுக்குப் பின்னால் பெட்டியை வைத்தது, ரேடியோவை இரும்புச் சுவருக்குள் பாடவிட்ட கதை. ஹாலில் டி.வி. அலமாரி மேல் உயரமாக வைத்தேன். பெட்டி கொடுக்கும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதிலேதான் முட்டிமோதும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 5-க்கு மாற்றினேன். அறையில் 80 வந்தது.

வேகம் சரி. சிவப்பு விளக்கு? அதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அந்தத் தம்பியே வந்தார். பெட்டியிலிருந்து கண்ணாடி ஒயரைக் கழற்றி ஒரு மீட்டரில் செருகினார். மைனஸ் 21. "மைனஸ் 27 வரைக்கும் ஓகே சார். வெளிச்சம் நல்லாத்தான் வருது" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், இருட்டற நேரத்துல வந்திருக்கான். காபிக்கு ஏதாவது கொடுக்கலாம்" என்று பீரோவைத் திறந்தார்.

மீட்டர் மைனஸ் 34-க்குச் சரிந்தது!

"ஐயா, அப்படியே நில்லுங்க. மூடுங்க." மைனஸ் 21. "திறங்க." மைனஸ் 34. விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கதவை முழுசாகத் திறந்தால் சுவரில் போய் முட்டும். நடுவில் மாட்டுவது ஒயர். கண்ணாடி இழை சட்டென்று மடங்கினால் வெளிச்சம் பாதையை விட்டு வெளியே கசிந்துவிடும்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு யாராவது பீரோவைத் திறந்தீங்களா?" என்று கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஆஞ்சநேயருக்கு ஒரு ரூபாய் முடிஞ்சு வைக்கலாம்னு மஞ்சத்துணி எடுத்தேம்மா... உனக்கு வேலை கிடைக்கணும்னு" என்றார், தங்கையைப் பார்த்து.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் முதல் தடவையாக.

தம்பி ஒயரைப் பரண் பக்கமாகத் திருப்பி, மிச்சத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையமாகச் சுற்றி மாட்டினார். இனி பீரோவை எத்தனை தடவை திறந்தாலும் கவலையில்லை என்றார்.

அப்பா நம்பவில்லை. வியாழக்கிழமை பத்தரைக்கே பீரோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, பாங்க் வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்துவிட்டார். கீரைக்கார அம்மாவைக்கூட, "காசு நாளைக்கு வாங்கிக்கோம்மா" என்று சைகையிலேயே அனுப்பினார். இன்டர்வியூ நாற்பது நிமிஷம் நடந்தது. ஒரு சிமிட்டல்கூட இல்லை.

எட்டாம் நாள் வேலைக்குச் சேரச் சொல்லி மெயில் வந்தது. அது எத்தனை எம்.பி.பி.எஸ். வேகத்தில் வந்தது என்று வீட்டில் யாரும் அளந்து பார்க்கவில்லை.