மின்னஞ்சலைத் திறந்தால் அனுப்பியவருக்குத் தெரியுமா?

மலாக்கா – பத்து பெரண்டாம் தொழிற்சாலை வேலையோ, ஆயர் குரோ அலுவலக வேலையோ, விண்ணப்பம் முதல் சம்பளச் சீட்டு வரை இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில்தான். சில மின்னஞ்சல்களைத் திறந்ததும், "நீங்கள் படித்ததை அனுப்பியவருக்குத் தெரிவிக்கலாமா?" என்று திரையில் ஒரு கேள்வி எழும். 'நோ' என்று அழுத்தினால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். எதை அழுத்தினாலும் மின்னஞ்சலைப் படிக்கலாம்.

இது தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஏ.ஆர். பதிவுத் தபால் மாதிரி. மின்னஞ்சலுக்கான இந்த முறை 1998-இல் இணையத் தரமாக வகுக்கப்பட்டது. திரையில் தோன்றியதாலேயே ஒருவர் அதைப் படித்துப் புரிந்துகொண்டார் என்று உறுதி சொல்ல முடியாது என அந்தத் தர ஆவணமே கூறுகிறது. "ரசீது வந்துவிட்டது, நீ படித்துவிட்டாய்" என்று மேலாளர் சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஆனால் அலுவலக மின்னஞ்சலில், உங்களைக் கேட்காமலேயே ரசீது போகும்படி நிறுவனம் அமைத்திருக்கலாம்.

கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, கிராணி கையால் கிடைத்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாருக்குக் கடிதம் வந்தது என்பது லயத்துக்கே தெரிந்துவிடும். ஆனால் அதை எப்போது பிரித்தார், எத்தனை முறை எடுத்துப் பார்த்தார் என்பது அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இப்போது அதையும் வெளியிலிருந்து எண்ண முடிகிறது.

எப்படி? மின்னஞ்சலுக்குள் கண்ணுக்குத் தெரியாத, ஒரு புள்ளி அளவுப் படத்தை வைத்துவிடுவார்கள். நீங்கள் திறந்ததும் அந்தப் படம் அனுப்பியவரின் கணினியிலிருந்து இறங்கும். திறந்த நேரம், கருவியின் வகை, இணைய முகவரியை வைத்துத் தோராயமான இடம்கூட அங்கே பதிவாகும். இதற்கு யாரும் உங்களிடம் அனுமதி கேட்பதில்லை. மோசடிக்காரனுக்கோ, இது புழக்கத்தில் உள்ள முகவரி என்பது உறுதியாகிவிடும்.

2006-இல் அமெரிக்காவின் ஹெவ்லெட் பேக்கர்ட் நிறுவனம், தகவல் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு செய்தியாளருக்கே இப்படிக் கண்காணிப்பு வைத்த மின்னஞ்சலை அனுப்பியது அம்பலமானது. அதே தொழிலில் இருப்பதால் எனக்கு இது கூடுதலாகவே உறுத்துகிறது.

ஜிமெயில் 2013 முதல் படங்களைக் கூகுள் வழியாக இறக்குவதால் உங்கள் இடம் மறைகிறது. திறந்த நேரம் தெரிய வாய்ப்புண்டு. ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த பாதுகாப்பு வசதி, நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கி அனுப்பியவரைக் குழப்பிவிடும்.

நம் நாட்டின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. பழைய நண்பரோ உறவினரோ வேவு பார்த்தால் அதன்கீழ் கேட்கவும் வழியில்லை.

ஆகவே கைப்பேசியிலேயே தடுப்பதுதான் சுலபம். ஜிமெயில் செயலியில் 'செட்டிங்ஸ்' சென்று, உங்கள் கணக்கைத் தொட்டு, 'இமேஜஸ்' பகுதியில் படங்களைக் காட்டும் முன் கேட்கச் சொல்லும் தேர்வை அழுத்துங்கள். பிறகு நீங்கள் அனுமதித்தால்தான் படம் இறங்கும்.

வாட்ஸ்அப் புலனத்தின் நீலக் குறியையும் 'பிரைவசி' பகுதியில் அணைக்கலாம். அணைத்தால் மற்றவர் படித்தாரா என்பது உங்களுக்கும் தெரியாது. குடும்பக் குழுவில் மட்டும் இது பலிக்காது. அத்தை அனுப்பிய காலை வணக்கத்தை யார் யார் பார்த்தார்கள் என்பது அவருக்குத் தெரியத்தான் செய்யும்.